ஆரல்வாய்மொழிக் கணவாயில் இருந்த எல்லைக் குடியிருப்பு எப்போது அழிந்தது?

நாஞ்சில் நடையன்:

போன மாதம் தாழக்குடியில் எங்கள் பழைய வீட்டைப் பிரித்தார்கள். பரணிலிருந்து தாத்தாவின் தகரப்பெட்டி இறங்கியது. உள்ளே சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர் அஞ்சல் அட்டைகள் நான்கு, சக்கரக் காசுகள் மூன்று, கரையான் தின்றது போக மிஞ்சிய ஒரு கணக்குப் புத்தகம். தாத்தா, திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த திருநெல்வேலிப் பக்கத்துக்கும் நடுவே இருந்த ஆரல்வாய்மொழி எல்லைச் சாவடியில் காவல் வேலை பார்த்தவர். சின்ன வயதில் அவர் மடியில் உட்கார்ந்து கேட்ட கதைகளில் ஒரு தெரு முழுக்க வரும். சுங்கச்சாவடி, எதிரே வண்டிமாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் இரண்டு சாப்பாட்டுக் கடைகள், பிரிட்டிஷ் ரூபாயை வாங்கிக்கொண்டு சக்கரம் எண்ணிக் கொடுக்கும் ஒரு செட்டியார், சாவடிக்காரர்கள் குடும்பத்தோடு இருந்த ஓட்டு வீடுகள் ஒரு வரிசை. "ராத்திரி பத்து மணிக்கும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் இருக்கும்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். முப்பந்தல் வரைக்கும் போய்த் திரும்பினேன். காற்றாலை, உடைமரம், மறுபடியும் காற்றாலை. சாலையை விட்டு உள்ளே தள்ளி ஓர் இடத்தில் மட்டும் கல்லும் மண்ணுமாக ஒரு நீண்ட மேடு, அதன் அருகில் தூர்ந்துபோன கிணறு. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். "அதுவா, பழைய கோட்டை" என்றார். மேற்கொண்டு பேச அவருக்கு விருப்பமில்லை, ஆடுகள் ஓடிக்கொண்டிருந்தன.

அந்தக் குடியிருப்பை எது கொன்றது? 1956 என்பது என் எண்ணம். நவம்பர் 1 அன்று எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது, எல்லை இங்கிருந்து எழுந்து களியக்காவிளைக்குப் போய்விட்டது, ஊரும் அதன் பின்னாலேயே போய்விட்டது. மற்றவர்கள் சொல்லுங்கள்.

மைலாடிக் கல்தச்சன்:

தம்பி, நீங்கள் பார்த்த மேட்டிலிருந்தே தொடங்குகிறேன். அதைச் சேரர் கோட்டை, பாண்டியர் கோட்டை என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். அந்தக் கொடுமை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது.

அங்கே இருந்தது தனிக் கோட்டை அன்று, ஒரு நெடுஞ்சுவர். தெற்கே கடலோரம் வட்டக்கோட்டை, வடக்கே மலை. இரண்டுக்கும் நடுவில் மலையும் குன்றும் உள்ள இடத்தில் அவையே காவல், வெட்டவெளியாக இருந்த இடத்தில் மதில். கிழக்கிலிருந்து நாஞ்சில் நாட்டுக்குள் படை நுழைய ஆரல்வாய்மொழிதான் பெரிய வாசல். மதுரை நாயக்கர் படை 17ஆம் நூற்றாண்டில் திரும்பத் திரும்ப வந்ததும் இந்தப் பக்கமாகத்தான். இரவிக்குட்டிப் பிள்ளை கணியாகுளத்தில் விழுந்தது அந்தக் காலத்துக் கதை. நாஞ்சில் நாடு வேணாட்டுக்கு, அதாவது பழைய திருவிதாங்கூருக்கு, நெற்களஞ்சியம். அறுவடை முடிந்தால் யாராவது வருவார்கள் என்கிற பயத்திலேயே இருந்த பூமி.

மார்த்தாண்ட வர்மா 1729இல் திருவிதாங்கூர்ப் பட்டத்துக்கு வந்தார். 1741 ஆகஸ்டில் குளச்சலில் டச்சுப் படை தோற்றது. அங்கே பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். சிறைபிடித்தவனுக்கே வேலை பார்த்து, அவன் படைக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்து, கடைசியில் 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய கேப்டன், என்று பெயர் வாங்கிய ஆள். தெற்கு எல்லைக் காவலைப் பலப்படுத்தியதும், வட்டக்கோட்டையைத் திருத்திக் கட்டியதும் அவர் கை. 1777இல் இறந்து உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே புதைக்கப்பட்டார். கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன. நான் கல்லில் எழுத்து வெட்டிப் பிழைப்பவன். அந்தத் தமிழ் எழுத்துகளை வெட்டியவன் கை நடுங்காதவன் என்று பார்த்ததுமே தெரிந்தது.

வட்டக்கோட்டை பற்றி இன்னொன்று. பெயரில்தான் வட்டம். நாலு மூலை உள்ள கோட்டை, பரப்பு மூன்றரை ஏக்கர், மதில் உயரம் 25 அடி. முழுக்கக் கருங்கல். அதனால்தான் நிற்கிறது. கணவாய்ப் பக்கத்துச் சுவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கல்லும் மண்ணும் கலந்த வேலையை மழையும் மாட்டுவண்டியும் சேர்ந்து தின்றுவிடும். பக்கத்து ஊர்க்காரனுக்கு வீட்டு அடித்தளத்துக்குக் கல் வேண்டுமென்றால் மிச்சத்தை அவன் தின்பான்.

குமரித் தென்றல்:

இதுதானே திப்பு சுல்தான் உடைத்த நெடுங்கோட்டை?

மைலாடிக் கல்தச்சன்:

இல்லை. நெடுங்கோட்டை வடக்கே, திருச்சூர்ப் பக்கம். திப்பு அதை 1789இல் தாக்கினான். இங்கே அவன் வரவே இல்லை. ஒரே நாட்டின் இரண்டு கோடியிலும் இரண்டு சுவர்கள், அவ்வளவுதான் உறவு.

கோட்டாற்றுப் பலசரக்கு:

நடையன் தம்பி 1956 என்கிறார். நூற்றைம்பது வருடம் பிந்திவிட்டார். அந்தக் குடியிருப்பு செத்த தேதி 1809 பிப்ரவரி 10.

திருவிதாங்கூரின் திவான் வேலுத்தம்பி தளவாய் 1809 ஜனவரியில் குண்டறையில் அறிக்கை விட்டுப் பிரிட்டிஷாருக்கு எதிராக எழுந்தார். அவர் நம்ம தலக்குளத்துக்காரர் என்பதைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. கிழக்கிலிருந்து கர்னல் செயின்ட் லெஜர் படையோடு வந்து கணவாய்க்கு வெளியே இறங்கினார். நேராக மோதினால் மதிலுக்கு மேலிருந்த பீரங்கிகள் சும்மா விடாது. ஆகவே மேஜர் வெல்ஷ் தலைமையில் ஒரு பிரிவு தென்பக்கத்துக் குன்றின் மேல் இரவோடு இரவாக ஏறியது. மேலே காவலில் இருந்தவர்கள், இந்தச் செங்குத்தில் மனிதன் ஏற மாட்டான் என்று நம்பித் தூங்கியிருக்க வேண்டும். விடியும்போது எதிரி தலைக்கு மேல் நின்றான். மேலே இருந்து அடி விழுந்தால் சுவர் எதற்கு? அன்றே கணவாய் கைமாறியது. சில நாட்களில் உதயகிரியும் பத்மநாபபுரமும் எதிர்ப்பில்லாமல் திறந்துகொண்டன. தளவாய் மண்ணடியில் உயிரை விட்டார்.

அதற்குப் பிறகு அந்த மதிலுக்கு என்ன வேலை? இந்தப் பக்கமும் வெள்ளைக்காரன் பேச்சுதான் சட்டம், அந்தப் பக்கமும் அவன் ஆட்சிதான். 1805 உடன்படிக்கைப்படி திருவிதாங்கூர் வருடத்துக்கு எட்டு லட்சம் ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தது. காவலுக்கு ஆள் வைத்தவனே வீட்டைக் காவல்காரனிடம் ஒப்படைத்த கதை. படைவீரன் இல்லாத எல்லையில் குடியிருப்பு எப்படி இருக்கும்?

கணவாய்க் காற்று:

அண்ணாச்சிமார்களே, ஊர் செத்த தேதி குறிப்பதில் இத்தனை போட்டியா? நான் ஆரல்வாய்மொழியில் பிறந்து, ஆரல்வாய்மொழியிலேயே வாழ்க்கைப்பட்டு, இந்த நிமிடம் ஆரல்வாய்மொழியில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறேன். பேரூராட்சி இருக்கிறது, ரயில் நிலையம் இருக்கிறது, ஆடி மாதத்தில் துணி காயப்போட்டால் தோவாளையில் போய்ப் பொறுக்க வேண்டிய காற்றும் இருக்கிறது. யார் செத்தது?

நாஞ்சில் நடையன்:

அக்கா மன்னிக்கவும். ஊரைச் சொல்லவில்லை. ஊருக்குக் கிழக்கே சாவடியை ஒட்டி இருந்த குடியிருப்பைத்தான் சொன்னேன். தலைப்பில் 'கணவாயில் இருந்த' என்று போட்டிருக்கிறேனே.

கணவாய்க் காற்று:

சரி, மன்னித்தாயிற்று. கோட்டாற்று அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி. எல்லை என்றால் துப்பாக்கி மட்டுமா? எங்கள் ஊரில் எல்லையின் கதையைக் கேட்டால் யாரும் வேலுத்தம்பியில் தொடங்க மாட்டார்கள். காற்றாடிமலையில்தான் தொடங்குவார்கள்.

நீலகண்ட பிள்ளை நட்டாலத்துக்காரர், பத்மநாபபுரம் அரண்மனையில் வேலை பார்த்தவர். டிலனாயிடம் கேட்டுக் கிறிஸ்தவ வேதத்தில் நம்பிக்கை வந்தது. ஆனால் ஞானஸ்நானம் திருவிதாங்கூருக்குள் நடக்கவில்லை. 1745இல் வடக்கன்குளம் போய்த்தான் தேவசகாயம் ஆனார். வடக்கன்குளம் எங்கே இருக்கிறது? கணவாயைத் தாண்டினால் கூப்பிடு தூரம். ராஜாவின் அதிகாரம் நம்ம ஊர் வாசலோடு நின்றுவிட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? பிறகு கைது, சித்திரவதை. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். கடைசியில் எங்கள் ஊரில் காவலில் வைத்து, 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டார்கள். உடல் கோட்டாறு சவேரியார் கோயிலில் இருக்கிறது. 2022 மே மாதம் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தபோது இங்கே போட்ட வெடியில் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி ஒன்று போனது. அது வேறு கதை.

நான் சொல்ல வருவது, ஆளை ஏன் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள் என்பது. நாட்டின் விளிம்பு இது. வேண்டாதவனை விளிம்புக்குத் தள்ளுவது ராஜாக்களின் வழக்கம். அப்படியென்றால் அன்றைக்கே இங்கே காவலும், காவலருக்கு வீடும், வீட்டுக்கு அடுப்பும் இருந்திருக்கின்றன. படை தோற்ற மறுநாள் அடுப்பு அணைந்துவிடுமா?

பழைய பேரேடு:

சகோதரி கேட்டது சரியான கேள்வி. நான் கருவூலத்தில் முப்பது வருடம் பேரேடு எழுதியவன், ஆகவே பணத்தை வைத்துத்தான் எனக்கு எதுவும் புரியும்.

1809க்குப் பிறகு வீரன் போனான், சுங்கக்காரன் போகவில்லை. சொல்லப்போனால் அவன் காலம் அப்போதுதான் செழித்தது. திருவிதாங்கூரின் வருமானத்தில் புகையிலைக்கும் உப்புக்கும் பெரிய பங்கு. புகையிலை சர்க்காரின் ஏகபோகம். வெளியே மலிவு, உள்ளே விலை அதிகம். இந்த இரண்டு விலைக்கும் நடுவில் கணவாய். அப்புறம் சொல்ல வேண்டுமா? ஒருபக்கம் சாவடி, மறுபக்கம் இரவில் மலையேறித் தலைச்சுமையாகக் கடத்துபவர்கள். பிடிப்பவன் சம்பளம் வாங்கினான், பிடிபடாதவன் லாபம் பார்த்தான். ஒரே சாப்பாட்டுக் கடையில் இருவரும் சாப்பிட்டிருப்பார்கள்.

திவான் மாதவ ராவ் காலத்தில் 1860களில் ஏகபோகம் கைவிடப்பட்டது. 1865இல் சென்னை அரசு, திருவிதாங்கூர், கொச்சி மூன்றும் ஒப்பந்தம் போட்டன. புகையிலை, உப்பு, சாராயம், அபின் மாதிரியான சில சரக்குகள் தவிர மற்றவற்றுக்குச் சுங்கம் இல்லை. துணியும் தானியமும் மிளகாயும் நின்று கணக்குக் காட்ட வேண்டிய அவசியம் போயிற்று. நிற்காத வண்டிக்குத் தண்ணீர்த் தொட்டி எதற்கு? என் கணக்கில் குடியிருப்பின் இறக்கம் 1865இல் தொடங்குகிறது.

காவல்கிணற்றுக்காரன்:

நான் மறுபக்கத்து ஆள். எங்கள் ஊர்ப் பெயரிலேயே காவல் இருக்கிறது. எல்லா எல்லைக் கதையையும் மேற்கே இருந்து மட்டும் பார்க்காதீர்கள்.

கோட்டாற்றுப் பலசரக்கு:

பேரேட்டு அண்ணாச்சி, நீங்கள் சொன்னதில் பாதிக்குத் தலையாட்டுகிறேன். புகையிலைக்கு வரி தொடர்ந்தது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பிறகு சாவடி எப்படிச் சாகும்?

பழைய பேரேடு:

சாகவில்லை, மெலிந்தது என்கிறேன். பத்து சரக்குக்கு இருந்த ஆள் இரண்டு சரக்குக்குத் தேவையில்லை.

நாஞ்சில் நடையன்:

இப்போது தாத்தாவின் கணக்குப் புத்தகத்துக்கு வருகிறேன். படிக்க முடிந்த பக்கங்களில் 'அரி' என்ற சொல்தான் அதிகம். அரி என்றால் அரிசி, அவருக்கு மலையாளமும் தமிழும் பேனாவில் கலந்துவிடும். கொல்லம் ஆண்டில் தேதி போட்டிருக்கிறார். 1118, 1119. கூட்டிப் பார்த்தால் 1942 முதல் 1944 வரை.

அந்த வருடங்கள் என்னவென்று யோசித்தால் எல்லாம் விளங்குகிறது. திருவிதாங்கூர் பர்மா அரிசியைத் தின்று வளர்ந்த நாடு. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் கப்பல் நின்றது. பங்கீட்டு அட்டை வந்தது, மரச்சீனிக்கிழங்கு மூன்று வேளைச் சோறானது. கணவாய்க்கு அந்தப் பக்கம் தாமிரபரணிப் பாசனத்து நெல். இந்தப் பக்கம் பசி. நடுவில் என் தாத்தா, தடியோடு. பேரேட்டு ஐயா, மெலிந்த சாவடிக்கு மறுபடியும் சதை போட்டது அந்தப் பஞ்சம். பிடித்த அரிசியின் கணக்கு படியிலும் பக்காவிலும் இருக்கிறது. "கிழவி, 2 படி, விட்டேன்" என்று ஒரு வரி. அதற்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை.

அஞ்சலையும் சொல்லிவிடுகிறேன். சங்கு முத்திரை அட்டை திருவிதாங்கூருக்குள்ளும் கொச்சிக்கும்தான் செல்லும். வள்ளியூரில் இருக்கும் அக்காளுக்குக் கடிதம் போட வேண்டுமென்றால் பிரிட்டிஷ் தபால்தலை வேண்டும். பத்து மைல் தள்ளி இருக்கும் அக்காள் வெளிநாடு, திருச்சூர்ப் பக்கத்துப் பங்காளி உள்நாடு. திருவிதாங்கூர் அஞ்சல் 1951இல் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. இன்று தமிழ்நாடு முழுவதும் 'அஞ்சல் நிலையம்' என்று பலகை தொங்குகிறது. எங்கள் பாட்டி கடைசிவரை அதைத் திருவிதாங்கூர்க்காரன் தபால் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

காசும் அப்படித்தான். ஒரு பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். அந்த அரைச் சக்கரத்தில்தான் செட்டியாரின் பிழைப்பு. எங்கள் பக்கம் இன்றும் வயதானவர்கள் "கையில் சக்கரம் இல்லை" என்று சொல்வது அந்த நாணயத்தின் மிச்சம்.

நாணயம் போனது, அஞ்சல் போனது, 1956இல் எல்லையே போனது. நான் சொன்னது தவறா?

பழைய பேரேடு:

தம்பி, நீங்கள் உங்கள் கட்சிக்கு எதிராகவே சாட்சி சொல்லிவிட்டீர்கள். 1949இல் திருவிதாங்கூர் கொச்சியோடு சேர்ந்தது. 1950 ஏப்ரலில் சமஸ்தானத்தின் நிதி மத்திய அரசோடு இணைந்தபோது உள்நாட்டுச் சுங்கம் ஒழிந்தது. 1951இல் அஞ்சல். ஆக, 1956 நவம்பர் 1 அன்று கோடு அழிக்கப்பட்டபோது அங்கே அழிக்க மிஞ்சியது என்ன? அரிசிக் கட்டுப்பாடு மட்டும்தான். உங்கள் தாத்தா எந்த வருடம் வேலையை விட்டார்?

நாஞ்சில் நடையன்:

1951இல் தோவாளைக்கு வந்து பிச்சிப்பூத் தோட்டம் வைத்தார். ஐயோ.

கோட்டாற்றுப் பலசரக்கு:

ஹஹ்ஹா. பேரேடு என்றால் பேரேடுதான்.

களியக்காவிளை மாமா:

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் எல்லையை வாங்கிக்கொண்ட ஊர்க்காரன் பேசாமல் இருப்பது முறையல்ல.

1956க்கு முன் எங்கள் ஊர் நாட்டின் நடுவில் கிடந்த ஒரு சந்தை. இந்தப் பக்கமும் திருவிதாங்கூர், அந்தப் பக்கமும் திருவிதாங்கூர். தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி நேசமணி தலைமையில் போராட்டம், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு, அப்புறம் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் தமிழ்நாட்டோடு. ஒரு விடியலில் நாங்கள் எல்லைக்காரர்கள் ஆனோம். சோதனைச் சாவடி வந்தது, லாரி வரிசை வந்தது, லாரி வரிசைக்குப் பின்னால் பரோட்டாக் கடை வந்தது. அரிசி கிழக்கிலிருந்து மேற்கே போவது மட்டும் மாறவே இல்லை. உங்கள் தாத்தா விட்ட கிழவியின் பேத்திகள் எங்கள் ஊர் வழியாகப் பஸ்ஸில் சாக்குப்பையோடு போனார்கள்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. கேரளா பக்கம் அமரவிளையில் வணிகவரிச் சாவடி முன்னால் நாள்கணக்கில் நின்ற லாரிகள் நிற்காமல் போயின. என் மைத்துனர் அங்கே டீக்கடை வைத்திருந்தார். ஒரே மாதத்தில் பால் வாங்குவதை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தார், ஆறு மாதத்தில் கடையைப் பூட்டினார். ஆகையால் நான் பேரேட்டு ஐயா கட்சி. சாவடியில் வண்டி நிற்கிற வரைக்கும்தான் எல்லை ஊருக்கு உயிர். வரைபடத்தில் கோடு எங்கே இருந்தால் என்ன?

கணவாய்க் காற்று:

மாமா, அருமை. ஆனாலும் நிற்பது முழுக்க ஒழிந்துவிடவில்லை. முப்பந்தலில் இசக்கியம்மன் கோயில் இருக்கிறதே. இன்றும் லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டி, இறங்கிக் கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டுதான் போகிறார்கள். சர்க்கார் சாவடியை எடுத்துவிட்டது. அம்மனுக்கு யாரும் உத்தரவு அனுப்பவில்லை.

மைலாடிக் கல்தச்சன்:

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளைக்காரன் 'ஆரம்போலி' என்று எழுதினான். ஆரல் மீனை வைத்துச் சிலர் பொருள் சொல்கிறார்கள். அந்த வறண்ட கணவாயில் மீனைத் தேடுவதைவிட, ஆரை என்றால் மதில் என்கிற பழைய சொல்லைப் பிடித்துக்கொள்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது. மதில் வாசல் வழி. அப்படியென்றால் டிலனாய்க்கு முன்பே அங்கே ஏதோ ஒரு சுவர் இருந்திருக்க வேண்டும் என்று சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

காவல்கிணற்றுக்காரன்:

இன்னொரு காரணத்தை யாரும் சொல்லவில்லை. சாலை. கன்னியாகுமரிக்குப் போகிற பெரிய நெடுஞ்சாலை எங்கள் ஊரிலேயே தெற்கே திரும்பிவிடுகிறது. கணவாய்க்குள் போவது நாகர்கோவில் கிளைதான். 1981இல் திருநெல்வேலி நாகர்கோவில் ரயில் பாதை திறந்தபோது மிச்சம் இருந்த பயணிகளும் ரயில் ஏறினார்கள். கடை போட்டவன் எங்கே போவான்? எங்கள் ஊருக்கு வந்தான். நான் குறை சொல்லவில்லை, என் வீட்டுக்காரரின் குடும்பமே அப்படி வந்ததுதான். ஆமாம், நான் பெண். 'காவல்கிணற்றுக்காரன்' என்று பதிவு செய்தது என் மகன்.

கணவாய்க் காற்று:

அக்கா! இத்தனை நாள் உங்களை அண்ணாச்சி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேனே.

நாஞ்சில் நடையன்:

சரி, தோற்றுவிட்டேன் என்று எழுதி வைக்கிறேன். 1956 இல்லை. ஆனால் 1809 என்பதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கணக்குப் புத்தகத்தோடு ஆரல்வாய்மொழி ரயில் நிலையத்தில் நிற்பேன். கல்தச்சன் அண்ணாச்சி அந்த மேட்டைப் பார்த்து, மதிலா, வெறும் வரப்பா என்று சொல்லட்டும். கிணறு எனக்குச் சாவடிக் கிணறு மாதிரித்தான் தெரிகிறது.

மைலாடிக் கல்தச்சன்:

வருகிறேன். கல்லில் உளித்தடம் இருந்தால் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவேன். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும்.

கணவாய்க் காற்று:

காலை ஆகாரம் எங்கள் வீட்டில். எல்லோரும் வாருங்கள். காவல்கிணற்று அக்காளும் கட்டாயம் வர வேண்டும். நேற்று சாயங்காலம் வள்ளியூருக்கு மருந்து வாங்கப் புறப்பட்டேன். எங்கள் வீட்டில் தொண்ணூறு வயதில் ஓர் அத்தை இருக்கிறார். கணவாய்க்கு அந்தப் பக்கம் அவருக்கு இன்னும் பாண்டி நாடுதான். திண்ணையில் இருந்தபடியே கேட்டார்: "இந்த நேரத்தில் பாண்டிக்கா போகிறாய்? சாவடி அடைப்பதற்குள் திரும்பிவிடு."

களியக்காவிளை மாமா:

நான் மதிய ரயிலில்தான் வர முடியும். அத்தையைப் பார்க்காமல் திரும்ப மாட்டேன்.